பெருக்கினால் வழிகிறது, வகுத்தால் தாமதமாகிறது

பருத்திப்பட்டு,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் நாகேந்திரன் அவர்களுக்கு, பந்தல் கடை செங்கல்வராயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை எல்லம்மாவும், பிள்ளைகள் இருவரும், கடையிலுள்ள நாற்காலி, அண்டா வரைக்கும் எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க அந்தக் கருமாரி காக்க வேண்டும். மனதுக்கு என்னவாயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் போடாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் போனில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை, நீங்கள் பேசுவது குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் வரைக்கும் கேட்கிறது. இது அப்படி நாலு பேர் காதில் விழக்கூடிய விஷயம் இல்லை. நம் பிள்ளை அஜித்குமார் திருமழிசைக்கு ஷிப்டு போகிற வழியில் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னால் எனக்குத் தெரிந்ததும் குழம்பிவிடுகிறது.

விஷயம் இதுதான். நீங்கள் முன்னின்று பேசி முடித்த சம்பந்தம், தட்டு மாற்றிய பூ வாடுவதற்குள் ஆட்டம் கண்டுவிட்டது. நகையால் இல்லை, ஜாதகத்தால் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவும் இல்லை. வகுத்தலால். பள்ளிக்கூடத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் முடிந்து கடைசியில் வருமே, அந்த வகுத்தலால்தான் மச்சான். எனக்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. உங்கள் கொழுந்தியாள் மகன் வெற்றிச்செல்வனையும் என் மகள் மதிவதனியையும் ஜோடி சேர்த்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "ரெண்டும் ஒரே வேலை, காலம் பூரா பேசிக்க விஷயம் கீது" என்றீர்கள். பேசிக்கொள்கிறார்கள் மச்சான். அதுதான் இப்போது பிரச்சினை.

மதி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் என்ன வேலை செய்கிறாள் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் என்பேன், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இப்போது கட்டாயத்தின் பேரில் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. கம்ப்யூட்டரில் நாம் பார்க்கிற படம், கேட்கிற பாட்டு எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரு புரோகிராம் ஓடுகிறதாம், அதற்குக் கெர்னல் என்று பெயராம். பந்தலில் மேலே துணியும் சீரியல் விளக்கும் கண்ணுக்குத் தெரியும், குழி தோண்டி நட்ட சவுக்குக் கம்பை யாரும் பார்க்க மாட்டார்கள், அந்தக் கம்பு மாதிரியா என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணு, அப்படியே வெச்சிக்கப்பா" என்றாள். இதை ஒரு கம்பெனி மட்டும் எழுதுவதில்லை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் எழுதி அனுப்புகிறார்கள். ஒருவர் அனுப்பியதை அந்தப் பகுதி தெரிந்த இன்னொருவர் படித்துப் பார்த்து, பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். போட்டால் உள்ளே போகும். சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லுகிற பழக்கமே அந்த வட்டாரத்தில் கிடையாதாம். எல்லாருக்கும் போகிற மெயிலில், எல்லாரும் படிக்கிற மாதிரி, காரணத்தோடு எழுதுவார்களாம், அது எத்தனை வருஷம் ஆனாலும் அழியாதாம். மதி எழுதுகிற பகுதியைப் படித்துப் பார்க்கிறவர்களில் ஒருவர் நம் மாப்பிள்ளை என்பது பெண் பார்த்த அன்றே தெரிந்தது. பத்துப் பொருத்தத்தோடு இது பதினொன்றாவது என்று நாம் சந்தோஷப்பட்டோம்.

செவ்வாய்க்கிழமை மதி வேலையிலிருந்து வந்தவள் பையைக் கூட இறக்காமல் ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். என்னடி என்று எல்லம்மா கேட்டிருக்கிறாள். "அவரு வேணாம்னு எழுதிட்டாரும்மா, எல்லாருக்கும் தெரியற மாதிரி" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கையில் கரண்டியோடு எல்லம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்குப் போன் வந்தது. ஒரு வளைகாப்புக்கு நாற்காலி கேட்டு வந்த ஆளைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடினேன். ஓடுகிற வழியெல்லாம் உங்கள் கொழுந்தியாளையும் அவர்கள் வம்சத்தையும் மனதுக்குள் என்னென்னவோ பேசினேன், அதை இங்கே எழுத முடியாது, மன்னித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் அஜித் அந்த மெயிலை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறான்.

"நைனா, டென்சன் ஆவாத. கல்யாணத்த வேணாம்னு சொல்லல. அது எழுதி அனுப்பிச்ச கணக்கத்தான் வேணாம்னு எழுதிகீறாரு."

"இன்னாடா கணக்கு?"

"பெருக்கிகினே போனா ஒரு எடத்துல வழிஞ்சி பூடுமாம். வழிஞ்சா டைம் பின்னால போவுமாம்."

"எதோட டைம்?"

"அது எனக்கே இன்னும் புரில நைனா."

கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை என்றதும் எல்லம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண் எழுதியதை உலகத்துக்கே தெரிகிற மாதிரி தப்பு என்று எழுதுகிற ஆள், நாளைக்கு அவள் வைத்த குழம்பைப் பற்றி எங்கே எழுதுவார் என்று யோசனையாக இருந்தது. அதிலும் மெயிலின் முதல் வரியில் மரியாதையாக 'மதிவதனி அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாராம். நிச்சயம் ஆன பெண்ணை அவர்கள் என்று எழுதுவது மரியாதையா, கோபமா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதி கடைக்கு வந்தாள். எனக்குப் புரியவைக்க வேண்டும் என்று அவளாகவே வந்தாள், அந்த அளவுக்கு நல்ல பிள்ளை. மெஷினுக்குள்ளே ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கிற ஒரு சாமான் இருக்கிறதாம். அது எத்தனை எண்ணியது என்று பார்த்து, வகுத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மெஷினுக்கு வகுக்கிறதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலையாம், பெருக்கச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பதற்குள் செய்துவிடுமாம். கால்குலேட்டர் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ப்பா, நானூறு சேரை எட்டு வரிசையா பிரிச்சா எவ்ளோ?" என்றாள். ஐம்பது என்றேன். "வகுக்காம சொல்லு பாக்கலாம்" என்றாள். வகுக்காமல் எப்படிச் சொல்வது? நானூறை நூற்றிருபத்தைந்தால் பெருக்கி, கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிடச் சொன்னாள். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், ஐம்பதாயிரம் வந்தது, மூன்று சைபரை விரலால் மறைத்தேன், ஐம்பது. எட்டால் எதை வகுக்க வேண்டியிருந்தாலும் அந்த நூற்றிருபத்தைந்தை ஒரு தடவை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் போதுமாம், அப்புறம் காலம் முழுக்கப் பெருக்கி வெட்டிக்கொண்டே போகலாமாம். மதி கெர்னலில் செய்தது இதுதான். பழையபடி ஒவ்வொரு தடவையும் வகுத்துக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு, பெருக்கி வெட்டுகிற மாதிரி மாற்றியிருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதில் போய் என்ன குறை கண்டுபிடித்தார் அந்த ஆள் என்று கேட்டேன். "ஒம்போது லட்சம் சேர் போட்டுப் பாரு" என்றாள். ஒன்பது லட்சத்தை நூற்றிருபத்தைந்தால் பெருக்கினேன். கால்குலேட்டர் ஓரத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. தட்டினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடியும் அதே எழுத்து. மதி போனபிறகு புதிதாக ஒன்று வாங்கி வந்தேன், அதிலும் அதே எழுத்து. அதற்குள் இடம் இவ்வளவுதான், அதற்கு மேல் போனால் வழிந்துவிடும், அதைத்தான் அவர் சொல்கிறார் என்று மதி அப்புறம் போனில் சொன்னாள்.

"ஏம்மா, நம்மகிட்ட ஏது ஒம்போது லட்சம் சேர்?" என்று கேட்டேன்.

"அதத்தான்ப்பா நானும் அவருகிட்ட சொல்றேன். நம்ம மெஷின் அவ்ளோ நேரம் தூங்காது, அவ்ளோ பெரிய எண்ணு வரவே வராதுன்னு."

"அவரு இன்னா சொல்றாரு?"

"'வந்தா?'ன்னு கேக்கறாரு."

இதைக் கேட்டதிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை மச்சான். அப்பனாக யோசித்தால், வராத கூட்டத்துக்கு எதற்கு இலை போடுவது, என் மகள் சொல்வதுதான் நியாயம் என்று படுகிறது. கடைக்காரனாக யோசித்தால், கேட்டதற்கு மேல் ஓர் அடுக்கு நாற்காலி வண்டியில் ஏற்றாமல் நான் எந்த மண்டபத்துக்கும் போனதில்லை. காலையில் மதி பக்கம், மத்தியானம் மாப்பிள்ளை பக்கம் என்று எனக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என்னோடு நடக்க வருகிற வரதனிடம், பெயரைச் சொல்லாமல், ஒரு தெரிந்தவர் வீட்டில் என்று ஆரம்பித்து யோசனை கேட்டேன். அவர் முழுசும் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல வகுக்கவே கஷ்டம்னா பேங்க்ல வட்டி எப்டிப்பா போட்றான்? எல்லாம் சும்மா. பையனுக்கு வேற எங்கியோ மனசு கீது, அத்த நேரா சொல்லாம இப்டி சுத்தி வளைக்கிறான்" என்றார். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டும் மிச்ச சுற்றை முடித்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்து எடுக்க மாப்பிள்ளையே வீட்டுக்கு வந்தார். முன்னாடியே சொல்லி வைத்திருந்தது, வராமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தோம், சரியான நேரத்துக்கு வந்தார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் மாதிரி அட்டைகளைப் பரப்பி வைத்தேன். சிவப்பு வேண்டுமா, சந்தன நிறமா என்று கேட்டேன். மாப்பிள்ளை ஓர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், தாள் எப்படி என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதில் எண் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மெஷின் ரொம்ப நேரம் தூங்கிட்டு எழுந்தா, நடுவுல எண்ணினது பூரா ஒரே தடவையா வந்து விழும். அத நீங்க பெருக்கறீங்க."

"அவ்ளோ நேரம் தூங்காது."

"தூங்கினா?"

"ஏன் தூங்கப்போவுது? எங்க போர்டுல அதுக்கு வழியே இல்ல."

"உங்க போர்டுல இல்ல. இத எடுத்து யார் எதுல போடுவாங்கன்னு நமக்குத் தெரியாதே."

"அதுக்காக செகண்டுக்கு லட்சம் தடவ வகுத்துக்கிட்டே இருக்கணுமா?"

"லேட்டா வந்தா பரவால்ல. தப்பா வந்தா?"

இதெல்லாம் கத்திப் பேசவில்லை மச்சான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், போய் நடுவில் நின்றிருப்பேன். மெதுவாக, வாங்க போங்க என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எல்லம்மா கொண்டுவந்து வைத்த வாழைக்காய் பஜ்ஜியை ஆளுக்கொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு பேசினார்கள். எங்கள் காலத்தில் சண்டை என்றால் ஒரு பாத்திரமாவது உருளும், எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியும். இது சண்டைதானா என்பதே தெரியவில்லை. எப்படியாவது சமாதானம் செய்ய வேண்டுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். முதலில் வகுத்துவிட்டு, அப்புறம் பெருக்குங்களேன், எண்ணும் பெரிசாகாது, வழியவும் செய்யாது என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "மீதி போயிடும்" என்றார்கள். அந்த ஓர் இடத்தில்தான் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள், அதுவும் எனக்கு எதிராக. மாப்பிள்ளை காபியை முழுசும் குடித்துவிட்டு, அத்தை போய்ட்டு வரேன், மாமா போய்ட்டு வரேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். பத்திரிகை எடுக்கவில்லை. எண் எழுதிய அட்டையை மதி கையோடு அறைக்குள் கொண்டுபோய்விட்டாள்.

போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அப்புறம் என்கிறாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வேலைக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்றாள். எட்டிப் பார்த்தால் ஒயர் ஒயராகத் தொங்குகிற, அவர்கள் போர்டு என்கிற ஒரு சின்னப் பலகையை மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை, போனைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். எல்லம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே திருவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்னபிறகு என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டிருக்கிறார். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எதுவும் வழியாம இருக்கணும் சாமி" என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, அடுப்பு மேடை மேல் வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். பால் காய்ச்சும்போதெல்லாம் எல்லம்மா அதைத்தான் பார்க்கிறாள்.

இனிமேல் சும்மா இருக்கக்கூடாது என்று அன்று மத்தியானம் நானே கிளம்பினேன். மதியிடம் சொல்லவில்லை. பூந்தமல்லியில் இறங்கி இனிப்பு வாங்கிக்கொண்டு, வெயிலில் நசரத்பேட்டை போய்ச் சேர்ந்தேன். உங்கள் கொழுந்தியாள் ஹேமாவதி என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள்.

"இன்னாண்ணா, இந்த வெயில்ல வந்துகீறீங்க? ஊட்ல எல்லாரும் நல்லாத்தானே கீறாங்க?"

நான் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன், அதாவது பொண்ணு எழுதின ஒன்றைத் தம்பி வேண்டாம் என்று எழுதிவிட்டார், பொண்ணு சாப்பிடவில்லை என்றேன். அவர்கள் தங்கமான மனுஷி. அங்கேயே மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். "டேய் வெற்றி, இன்னாடா பண்ணி வெச்சிகீற? பொண்ணு ஆசப்பட்டு எழுதிச்சின்னா நல்லாகீதுன்னு ஒரு வார்த்த போடறதுக்கு இன்னா? உன் கை தேஞ்சா பூடும்?" என்றார்கள். மாப்பிள்ளை இறங்கி வந்தார். என் கையிலிருந்த இனிப்பு டப்பாவை வாங்கி வைத்தார், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

நான் கேட்டேன் மச்சான். பெண்ணைக் கொடுக்கிறவன் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டேன். "தம்பி, எனக்கு இதெல்லாம் வெளங்காது. பார்த்தேன், சரின்னு கீழ உங்க பேர ஒண்ணு போட்டுடுங்க. ஊர் பார்க்க எழுதினத ஊர் பார்க்க மாத்திடுங்க. எம் பொண்ணு சாப்புட்டா போதும்" என்றேன்.

"மாமா, வேற எது கேட்டாலும் செய்யறேன். இத மட்டும் கேக்காதீங்க. அது வழிஞ்சிடும்."

"வழிஞ்சா வழியட்டுமே தம்பி. எங்க கடை கால்குலேட்டர் கூட வழியுது, தொடச்சிட்டு திரும்ப போட்டுக்கறோம்."

"உங்க கால்குலேட்டரு வழிஞ்சா ஒரு எழுத்து காட்டி நிக்குது மாமா. இது நிக்காது. மேல இருக்கற இலக்கத்த முழுங்கிட்டு, மீதிய சரியான விடைன்னு குடுக்கும். கேக்கறவனுக்குத் தெரியவே தெரியாது. எங்கியோ ஒருத்தன் மெஷின் நாள்கணக்கா தூங்கிட்டு எழுந்திரிக்கும், நேரம் பின்னால போய்டும், அவன் எதனாலன்னு தேடிக்கினே இருப்பான். அங்க எம் பேரு இருக்கும்."

சொல்லிவிட்டுக் கை கூப்பினார். மாமனார் ஆகப்போகிறவன் முதன்முதலாக ஒன்று கேட்டு, யாரோ முகம் தெரியாத ஒருவனுடைய மெஷின் தூங்கும் என்பதற்காக அதைச் செய்யாத மாப்பிள்ளையை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஹேமாவதி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பெண் பசியோடு இருக்கிறாள், அவருக்குப் பெரிசு அங்கே எவனோ தேடுவது.

ஆகவே மச்சான், கடைசியாகக் கேட்கிறேன். நீங்கள்தான் பேசி முடித்தீர்கள், நீங்கள்தான் இதை நேர் செய்ய வேண்டும். கடிதம் கண்டவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போங்கள். அந்தப் பிள்ளைக்கு உங்கள் மேல் மரியாதை உண்டு, நீங்கள் சொன்னால் தட்ட மாட்டார். மதி எழுதியது சரி என்று இன்று பொழுது சாய்வதற்குள் அவர் பெயரைப் போட்டு எழுத வேண்டும், அதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாற்றிய தட்டை நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக நானும் எல்லம்மாவும் முடிவு செய்துவிட்டோம். எல்லம்மா முடிவு செய்யவில்லை, நான்தான் செய்தேன், அவள் அழுதுகொண்டிருக்கிறாள். என் பெண்ணை நான் யாருக்கும் இறங்கிப்போய்க் கொடுக்க வேண்டிய நிலையில் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலிக்கு எல்லம்மா தைலம் அனுப்பியிருக்கிறாள், ராத்திரியில் தேய்த்துக்கொள்ளவும். நீங்கள் இருவரும் பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் முன்னின்று நடத்த வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, உங்கள் பதிலுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும்,

தங்கள் அன்பு மச்சான்,
செங்கல்வராயன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் அக்காவுக்கு வணக்கம், தைலம் இரண்டைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அஜித் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், ஷிப்டுக்கு நேரமாகிறது, திரும்ப எழுத முடியாது. கிழித்துப் போடலாம் என்றால் இவ்வளவும் எழுதிய கை வலிக்கிறது.

நான் கையெழுத்துப் போடும்போது மதி அறையை விட்டு வந்து, பசிக்குதும்மா என்றாள். நான்கு தோசை சாப்பிட்டாள். அவள் துக்கத்தில் கிடக்கவில்லையாம். அந்தப் பலகையை வேண்டுமென்றே தூங்க வைத்து, எழுந்ததும் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் சொன்னபடியே வழிந்து, நேரம் பின்னால் போய்விட்டதாம். சரியாக எழுதி முடிக்காமல் அவரிடம் பேசக்கூடாது என்றுதான் போனைக் கவிழ்த்துப் போட்டிருந்தாளாம். இப்போது எண் சின்னதாக இருந்தால் அவளுடைய வேகமான வழியிலும், பெரிதாகிவிட்டால் அவர் சொன்ன நிதானமான வழியிலும் போகிற மாதிரி மாற்றி அனுப்பிவிட்டாள். நல்லதாகப் போயிற்று, விட்டுக்கொடுத்துவிட்டாயே என்றேன். "விட்டுக்குடுக்கலப்பா, சரி பண்ணேன்" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் நசரத்பேட்டை போனதை உளறிவிட்டேன். தோசையைக் கீழே வைத்துவிட்டாள். "அவரு இன்னா சொன்னாரு?" என்றாள். முடியாது என்றுவிட்டார் என்றேன். பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கேட்டன்னு அவரு பேரு போட்டிருந்தா, இந்தக் கல்யாணம் வேணாம்னு நானே சொல்லியிருப்பேன்ப்பா" என்றாள்.

எனக்கு இன்னமும் எதை எப்போது பெருக்க வேண்டும், எப்போது வகுக்க வேண்டும் என்று விளங்கவில்லை. ஆனால் மாமனாரே இனிப்போடு வந்து நின்று கேட்டும், தப்பைச் சரி என்று சொல்லாத ஒருவர் என் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறார் என்பது விளங்குகிறது. அவரைத்தான் மடக்கிப் பொய் சொல்ல வைக்கும்படி உங்களைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டார் என்று வேறு எழுதியிருக்கிறேன், எனக்கு இப்போது அந்த ஒரு வரியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தயவுசெய்து நசரத்பேட்டைக்கென்று எழுந்திருக்காதீர்கள், மச்சான்.